பெரிய ஃபைலை எடுங்கள் என்று சொன்னவள்

அந்த யோசனை எனக்கு ஒரு கூட்ஸ் வண்டி கடந்துபோகும்போது வந்தது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த எங்கள் ஆபீசிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட். அன்று சாயங்காலம் மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வேகன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய வேகன், திறந்த வேகன், எண்ணெய் டாங்கி; ஒவ்வொன்றும் ஒரு நீளம். ஒவ்வொன்றின் விலாவிலும் வெள்ளைப் பெயிண்டில் ஏதேதோ எண்கள். ஒரு வேகன் முடிகிற இடத்தில்தான் அடுத்தது ஆரம்பிக்கிறது. எஞ்சின் எங்கே நிற்கிறது என்று தெரிந்து, ஒவ்வொரு வேகனும் தன் நீளத்தைத் தன் மேலேயே எழுதி வைத்திருந்தால் போதாதா? எது எங்கே இருக்கிறது என்று சொல்ல தனியாக ஒரு பட்டியல் எதற்கு?

கேட் திறந்தது. நான் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. திரும்பி ஆபீஸ் பக்கம் ஓடினேன்.

"ஏம்மா, இவ்ளோ நேரம் நின்னது எதுக்கு? ரயில் பாக்கவா?" என்று ஆட்டோக்காரர் பின்னாலிருந்து கத்தினார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

பதினாறு வருட வேலையில் நான் ஓடியது அந்த ஒரு முறைதான். ஏன் ஓடினேன் என்பதைச் சொல்ல, அதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

முப்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வேலைக்கே வயதாகிவிட்டது. எங்கள் நிறுவனத்தில் டெலிபோன் மேஜையை எடுத்துவிட்டார்கள். இனி வாடிக்கையாளர் புகார் எல்லாம் மெயிலில்தான். என்னைக் கூப்பிட்டு வேறு மேஜை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேக் வெட்டிய அன்று, மெயிலுக்குப் பதில் போடும் புதுப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "மலர்க்கா, செஸ் சாஃப்ட்வேர்ல அப்படி என்ன பிரச்சன வரும்? காய நகத்தத் தெரியலன்னா போன் பண்ணுவாங்களா?" அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து கேக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான்.

குடியாத்தத்தில் பி.எஸ்சி. கணிதம். பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ். கல்லூரி சதுரங்க அணியில் மூன்றாவது போர்டு. தொண்ணூற்றிரண்டில் பெங்களூர் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்த தகுதி இவ்வளவுதான். இந்த மூன்றும் ஒன்றாக உள்ள ஆளை அந்த ஊரில் தேடிக்கொண்டிருந்த நிறுவனமும் ஒன்றே ஒன்றுதான். ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில், நான்கு மேஜை போட்டு, வெளிநாட்டில் செய்த சதுரங்க டேட்டாபேஸ் மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராக ஆடப்பட்ட ஆட்டங்கள், நகர்வு நகர்வாக, ஆயிரக்கணக்கில் அதற்குள் இருக்கும். நாளைக்கு எதிரில் உட்காரப்போகிறவர் போன வருடம் எப்படி ஆடினார் என்று தேடிப் பார்க்கலாம். நம் ஆட்டத்தை ஏற்றி, நகர்வுக்குப் பக்கத்திலேயே குறிப்பும் எழுதி வைக்கலாம். அதுவரை நோட்டிலும் பத்திரிகைத் துண்டுகளிலும் இருந்ததெல்லாம் ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டது. வந்த வேகத்தில் புகார்களும் வந்தன.

ரங்கநாத் சார் எங்கள் மேலாளர். துமகூர் பக்கம். தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கன்னடத்தில் போய் உட்காரும். எதைச் சொல்லி முடித்தாலும் "ஆயித்தா?" என்று கேட்பார். முடிந்ததா என்று அர்த்தம். முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். சதுரங்கம் ஆடினால் என்னிடம் இருபது நகர்வுக்குள் தோற்பார்.

சேர்ந்த முதல் நாள் டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு சதுரங்கக் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு முகம், இரண்டு பொத்தான். ஒன்றை அழுத்தினால் அந்தப் பக்கம் நின்று எதிர்ப் பக்கம் ஓடும்.

"இது கஸ்டமர் பக்கம். இது உன் பக்கம். அவர் பேசறப்போ அவர் கடிகாரம் ஓடணும். நீ வாயத் தொறந்தா உன்னது ஓடணும். கடைசில யார் கடிகாரம் ஜாஸ்தி ஓடியிருக்கோ பாரு. உன்னதுன்னா நீ தோத்தே. ஆயித்தா?"

"நான்தானே சார் பதில் சொல்லணும்?"

"பிரச்சன அவர்கிட்ட இருக்கும்மா. நீ பேசினா அது எப்படி வெளியே வரும்?"

இரண்டாவது விதி, புகார் நோட்டு. பயனர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'தேடலில் கோளாறு' என்று எழுதினால் அடித்துவிடுவார். "கோளாறுன்னு அவர் சொன்னாரா? அவர் என்ன சொன்னாரோ அத எழுது."

முதல் மூன்று வாரம் நான் தினமும் தோற்றேன். கணக்கு மேஜையில் இருந்த ஸ்டெல்லா, ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், மாலையில் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, "என்னடி குடியாத்தம், இன்னிக்கும் உன் முள்ளு விழுந்துடுச்சா? அந்த மனுஷங்கள கொஞ்சம் பேச விடேன்டி" என்பாள்.

பேச விட்ட பிறகுதான் புரிய ஆரம்பித்தது. மல்லேஸ்வரத்து ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர் ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிட்டுச் சண்டை போடுவார். போர்டில் ஒரு நிலையை அடுக்கிவைத்து, இதே நிலை வந்த ஆட்டங்களைத் தேடு என்பார். திரை பூஜ்யம் என்று சொல்லும். "ஏன்ம்மா, ஒந்து கேமும் பர்தா இல்லா! இவ்ளோ ஆட்டத்துல ஒண்ணு கூடவா இல்ல?" நான் தேடல் முறையை விளக்கு விளக்கென்று விளக்கினேன். ரங்கநாத் சார் போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், உங்களுக்குப் பக்கத்துல இருக்கறது கறுப்புக் காயா, வெள்ளக் காயா?" கறுப்பு. கறுப்புக்கு ஆடுகிறவர் கறுப்பைத் தன் பக்கம்தானே வைப்பார்? மென்பொருளோ வெள்ளை எப்போதும் கீழே இருப்பதாக எண்ணிக்கொண்டு தலைகீழ் நிலையைத் தேடியிருக்கிறது. விளக்கியதும் அவர் கேட்டார்: "அப்போ உங்க கம்ப்யூட்டருக்குக் கறுப்பு பக்கத்துல உக்காந்து யோசிக்கத் தெரியாதா?" அதை அப்படியே நோட்டில் எழுதினேன். அதைவிடச் சரியான புகாரை நான் பிறகு கேட்டதில்லை.

கோலார் தங்கவயலில் இருந்து ஒரு போட்டி அமைப்பாளர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். ஒரே ஆட்டம் இரண்டு முறை ஏறியிருந்தால் ஒன்றை நீக்குகிற வசதி அதில் உண்டு. அதை அழுத்தியிருக்கிறார். "பாதி ரவுண்டக் காணோம்மா! கடைசி ரவுண்டு மொத்தமும் போச்சு!" கேட்டுக்கொண்டே போனால் விஷயம் வெளியே வந்தது. கடைசி ரவுண்டில் முக்கால்வாசிப் பேர் கை குலுக்கி டிராவுக்கு ஒப்புக்கொண்டு, கணக்குக்காக ஒரே பத்து நகர்வை ஆடிவிட்டு எழுந்திருக்கிறார்கள். மென்பொருள் பெயரைப் பார்க்காமல் நகர்வை மட்டும் பார்த்து, எல்லாம் ஒரே ஆட்டம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிட்டது. ரங்கநாத் சார் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அது சரியாத்தானே சொல்லிருக்கு!" ஆனால் சிரித்து முடித்ததும், நீக்குவதற்கு முன் பட்டியலைக் காட்டிக் கேள் என்று வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்.

இப்படி மூன்று வருடம். கடிகாரத்தை நான் ஜெயிக்கத் தொடங்கியிருந்தேன். அந்த மிதப்பில்தான் முருகேசன் அண்ணா கூப்பிட்டார்.

பொம்மசந்திராவில் வால்வு செய்யும் ஃபாக்டரி ஒன்றில் அவர் லேத் ஆபரேட்டர். போளூர்க்காரர். தபாலில் சதுரங்கம் ஆடுகிறவர். நேரில் போட்டிக்குப் போக லீவு கிடைக்காது. தபாலில் என்றால் ஷிஃப்ட் முடித்து வந்து யோசிக்கலாம். ஒரு கார்டில் ஒரு நகர்வு எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புவார். பதில் வர மூன்று வாரம், ஒரு மாதம். ஒரு ஆட்டம் முடிய இரண்டு மூன்று வருடம். அப்படி ஒரே நேரத்தில் பதினான்கு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்டோர்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டரில், சூப்பர்வைசர் அனுமதியோடு, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, பத்திரிகைகளில் வந்த ஆயிரத்துச் சொச்சம் ஆட்டங்களோடு தன்னுடையதையும் ஏற்றி வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது போனில் வந்த குரல் மட்டும்.

"மேடம், பொம்மசந்திராலேர்ந்து முருகேசன் பேசறேன். ஸ்டோர்ஸ்ல கம்ப்யூட்டர மாத்தறாங்க. அர மணில பழசத் தொடச்சிடுவாங்களாம். எங்கிட்ட ஒரு ஃபிளாப்பிதான் இருக்கு. என் டேட்டாபேஸ்ல ரெண்டு ஃபைல் இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. பெருசப் போட்டா சின்னதுக்கு எடம் பத்தல. எத எடுக்கட்டும்?"

"பெருச எடுங்க. ஆட்டமெல்லாம் அதுலதான் இருக்கு. சின்னது வெறும் அட்டவண. அத எப்ப வேணாலும் திரும்ப உண்டாக்கிக்கலாம்."

"நிச்சயமா மேடம்?"

"நிச்சயமா."

கடிகாரத்தில் அவர் பக்கம் அரை நிமிடத்துக்கு மேல். என் பக்கம் கால் நிமிடம் கூட இல்லை. ஜெயித்தேன். நோட்டில் எழுதினேன்: 'ஒரு ஃபிளாப்பிதான் இருக்கு, எத எடுக்கட்டும். பெரியதை எடுக்கச் சொன்னேன். முடிந்தது.'

சின்ன ஃபைலை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று எனக்கு யார் சொன்னது? என் ஆறு மாத கோர்ஸ் சொன்னது. அங்கே கற்றுக்கொடுத்த டேட்டாபேஸில் அட்டவணை ஃபைல் அழிந்தால் ஒரே ஒரு கட்டளையில் திரும்ப வந்துவிடும். சதுரங்க மென்பொருளும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது அப்படி இல்லை. எந்த ஆட்டம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பது சின்ன ஃபைலில் மட்டும்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் பெரிய ஃபைல் என்பது முற்றுப்புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஆயிரம் பக்கம்.

மூன்று மாதம் கழித்து அதே குரல். சந்தாபுராவில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஃபிளாப்பியைப் போட்டிருக்கிறார்.

"மேடம், டேட்டாபேஸே இல்லங்குது. பீப்புன்னு கத்துது. சின்னத உண்டாக்கிக்கலாம்னு சொன்னீங்களே, அது எந்த பட்டன்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்பினோம். மறுநாள் இரண்டு வரி பதில்: இரண்டு ஃபைலையும் சேர்த்தே காப்பி செய்ய வேண்டும் என்று கையேட்டில் சொல்லியிருக்கிறோம், சின்ன ஃபைல் இல்லாமல் மீட்க வழியில்லை.

ரங்கநாத் சார் ஃபேக்ஸைப் படித்தார். பிறகு புகார் நோட்டைக் கேட்டார். மூன்று மாதம் பின்னால் புரட்டி என் கையெழுத்தில் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"முடிந்ததுன்னு எழுதிருக்கியே. யாருக்கு முடிஞ்சது?"

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டையும் சுருக்கிப் போட்டிருந்தா ஒரே ஃபிளாப்பில போயிருக்கும். தெரியும்தானே உனக்கு?"

"தெரியும் சார்."

"அப்போ ஏன் கேக்கல? கடிகாரத்த ஜெயிக்கறதுக்கா?" அந்தக் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பினார். "ஹ்ம். என் தப்பும் இருக்கு. இத வெச்சது நான்தானே. இப்போ அவருக்குப் போன் போடு. நீ பேசாதே. அவர் பேசட்டும். எல்லாம் எழுது."

ஃபாக்டரிக்குப் போட்டேன். கடிகாரத்தை வழக்கம்போல் அழுத்தினேன். இருபத்திரண்டு நிமிடம் அவர் கடிகாரம் ஓடியது. மூன்று பக்கம் எழுதினேன்.

பதினான்கு ஆட்டத்தில் பதின்மூன்று முடிந்துவிட்டன. பிராகில் இருக்கும் ஒருவரோடு ஆடியது மட்டும் முடியவில்லை. போட்டிக்கே ஒரு கடைசித் தேதி உண்டு. அதற்குள் முடியாத ஆட்டத்தை நடுவர் பார்த்து முடிவு சொல்வார். ஆனால் வெற்றி என்று கேட்பவர், எப்படி ஜெயிப்பேன் என்று முழு ஆய்வையும் எழுதி, குறித்த நாளுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அனுப்பாவிட்டால் டிரா. டிரா என்றால் அவர் அடுத்த சுற்றுக்கு இல்லை. ஆறு வருடம் கார்டு எழுதி வந்து சேர்ந்த இடம் அது.

"நகர்வெல்லாம் மனப்பாடம் மேடம். ஆய்வுதான் இல்ல. மூணு மாசம் எழுதினேன். ஒரு தடவ 'இதுக்கு மேல எழுத எடமில்ல'ன்னு ஸ்க்ரீன்லயே வந்துச்சு. கொஞ்சம் அழிச்சிட்டு மறுபடி எழுதினேன்."

"கார்டுங்கள்ல குறிப்பு இல்லையா அண்ணா?" அந்தப் போனில் நான் கேட்ட ஒரே கேள்வி.

"ஓரத்துல பென்சில்ல எழுதிருந்தேன். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டமேன்னு, கார்டெல்லாம் பாஷா பாய்கிட்ட குடுத்துட்டேன். ஸ்டாம்ப் சேக்கறாரு. தண்ணில ஊற வெச்சி உரிச்சிட்டாரு."

தபாலில் சேர்க்க எத்தனை நாள் இருக்கிறது என்று அவரே சொன்னார். பதினான்கு நாள்.

போனை வைத்ததும் ரங்கநாத் சார் சொன்னார்: "சனிக்கிழம பொம்மசந்திரா போ. அந்த நோட்ட எடுத்துட்டுப் போய், நீ எழுதினத அவர் எதிர்ல படி. இத போன்ல சொல்லக் கூடாது."

ஃபாக்டரி கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஷிஃப்ட் விட்டு வந்தவர்களில் ஒல்லியாக, கிரீஸ் படிந்த சட்டையோடு, பாக்கெட் சதுரங்க செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். கூடவே பாஷா பாய், குற்றவாளி போல் இரண்டடி பின்னால். நான் நோட்டைத் திறந்து படித்தேன். 'பெரியதை எடுக்கச் சொன்னேன். முடிந்தது.' "தப்பு என்னுது அண்ணா. எனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "தெரியும் மேடம். நீங்க சொன்னீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நானே மடத்தனமா காப்பி பண்ணிட்டேன்னுதான் இங்க சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன் அண்ணா?"

"உங்கள வேலைய விட்டு எடுத்துட்டா? அப்புறம் இத யாரு சரி பண்ணுவா?"

"நான்கூட ஊற வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார் பாஷா பாய்.

"நீ சும்மா இருப்பா. ஸ்டாம்ப்பயே பாத்துட்டு திருப்பிப் பாக்காத ஆளு நீ" என்றார் முருகேசன் அண்ணா. மூவரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை வேலையை ஆரம்பித்தேன். ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு நகர்வு உள்ள புது டேட்டாபேஸ் செய்தேன். பெரிய ஃபைலுக்குள் இருக்கும் எண்களைப் பிரிண்டரில் எடுத்தேன். பிறகு அதே ஆட்டத்தில் இரண்டாவது நகர்வு சேர்த்து மறுபடி எடுத்தேன். ஸ்டெல்லா ஒரு தாளை வாசிப்பாள். நான் இன்னொரு தாளில் ஒப்பிட்டு, மாறிய எண்ணைச் சிவப்பு மையில் சுழிப்பேன். "இருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், நாலு... அடியே, பைபிள் வாசிச்சா புண்ணியமாவது கெடைக்கும்" என்று சலித்துக்கொண்டே இரண்டு நாள் வாசித்தாள். மெல்ல மெல்லத் தெரிந்தது. ஒரு நகர்வு சேர்த்தால் ஓர் இடத்தில் ஒன்று கூடுகிறது. குறிப்பில் ஓர் எழுத்து சேர்த்தால் வேறோர் இடத்தில் ஒன்று கூடுகிறது. நீளங்கள்! ஒவ்வொரு ஆட்டமும் தன் தலைப்பில் தன் நீளத்தை வைத்திருக்கிறது.

ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று அப்போதும் தோன்றவில்லை. நான் ஆட்டங்களின் தொடக்கத்தைப் பெயர்களை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். பாதி இடத்தில் பெயரே குறிப்புக்குள்ளும் வந்து குழப்பியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அந்த ரயில்வே கேட். முதல் ஆட்டம் ஃபைலின் தலையில்தான் இருக்கும். அதன் நீளத்தைக் கூட்டினால் இரண்டாவது. அதன் நீளத்தைக் கூட்டினால் மூன்றாவது. கடைசிவரை நடந்துபோய்விடலாம். நடந்த இடங்களை வரிசையாக எழுதினால் அதுதான் சின்ன ஃபைல்.

புதன், வியாழன் இரண்டு நாளில் ஒரு சிறிய நிரல் எழுதினேன். வெள்ளிக்கிழமை ஓட்டினேன். ஒன்று, இரண்டு, நூறு, ஐநூறு என்று ஆட்டங்கள் வரிசையாக எழுந்து வந்தன. ஸ்டெல்லா கை தட்டினாள். எண்ணூற்று எழுபத்து நான்கில் நின்றது. அந்த ஆட்டத்தின் குறிப்பு நீளம் மைனஸில் இருப்பதாகச் சொன்னது. மைனஸ் நீளத்தில் ஒரு வேகன் உண்டா?

எந்த ஆட்டம் என்று பார்த்தேன். பிராக்.

சனிக்கிழமை காலை முழுக்க வெறித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாள் பாக்கி. ரங்கநாத் சார் வந்து எதிரில் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை. நோட்டைத் திறந்து, அந்த இருபத்திரண்டு நிமிடப் பேச்சை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார், தமிழைக் கன்னட வாடையோடு எழுத்துக் கூட்டி. இரண்டாம் பக்கத்தில் "'இதுக்கு மேல எழுத எடமில்ல'ன்னு ஸ்க்ரீன்லயே வந்துச்சு" என்று வந்தது.

"நிறுத்துங்க சார்!"

இடமே இல்லாத அளவுக்கு எழுதியிருக்கிறார். நான் நிரலில் நீளத்தை வைக்க எடுத்த எண் வகை முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரைதான் எண்ணும். அதைத் தாண்டினால் மைனஸில் விழும். மற்ற ஆயிரத்துச் சொச்சம் ஆட்டங்களில் எதுவும் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று மாத ஆய்வு போட்ட ஒன்று மட்டும் அதன் இருமடங்கைத் தொட்டிருக்கிறது. மைனஸே இல்லாத, அறுபத்தைந்தாயிரம் வரை எண்ணுகிற எண் வகைக்கு மாற்றினேன். நிரலில் ஒரே ஒரு வார்த்தை. ஓட்டினேன். எண்ணூற்று எழுபத்து ஐந்து வந்தது. கடைசி ஆட்டம் வரை வந்தது.

"ஆயித்தா?" என்றார் ரங்கநாத் சார்.

"இல்ல சார். அவர் பாத்து சொல்லட்டும்."

அவர் அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் அண்ணா ஆபீசுக்கு வந்தார். திரையில் தன் ஆட்டம் வந்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார். குறிப்புகளை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார். 'ராஜா இந்தப் பக்கம் வந்தா மாட்டினான். வர மாட்டான். வந்தா நல்லது.' இப்படி நாற்பது பக்கம். அதை நடுவருக்குப் புரிகிற மாதிரி நான்கு பக்கமாக்க வேண்டும்.

"அண்ணா, 'வந்தா நல்லது'ன்னு எல்லாம் நடுவருக்கு எழுத முடியாது" என்றாள் ஸ்டெல்லா, தட்டச்சில் கை வைத்துக்கொண்டு.

"நல்லதுதானே சிஸ்டர்? எழுதுங்க."

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போனது. தேதிக்கு மூன்று நாள் முன்னால்.

ஐந்து மாதம் கழித்து அவரே நேரில் வந்தார். நடுவரின் கார்டு. வெற்றி என்று ஒரு வரி. கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்டாம்ப் இருந்த மூலையை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். "பாஷா கண்ணுல படக் கூடாது" என்றார்.

அந்த வாரமே ரங்கநாத் சார் கடிகாரத்தின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டினார். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே வரி: இன்னொரு கேள்வி கேட்டாயா? நான் மேஜையை விட்ட நாள் வரை அந்தச் சீட்டு அங்கே இருந்தது. என் நிரலை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அடுத்த பதிப்பில், சின்ன ஃபைல் இல்லாவிட்டால் அதைத் திரும்ப உண்டாக்கும் ஒரு பட்டன் வந்தது. கடைசியில் முருகேசன் அண்ணா கேட்ட பட்டன்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன வாரம் அவர் கூப்பிட்டார். சந்தாபுராவில் வீடு கட்டியிருக்கிறார். புதுக் கம்ப்யூட்டர், புதுப் பதிப்பு. பழைய டேட்டாபேஸை அது திறக்க மாட்டேன் என்கிறதாம். அந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டார்கள். மெயில் அனுப்பினாராம், கையேட்டைப் பார்க்கவும் என்று பதில் வந்ததாம். மெயிலுக்குப் பதில் போடும் பெண்களே, அதை உங்களில் யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த வரி நன்றாகத் தெரியும், ஃபேக்ஸில் படித்திருக்கிறேன்.

பழைய வடிவத்திலிருந்து புதியதுக்கு மாற்றும் ஒரு நிரல் எழுதப்போகிறேன். அவருக்கு மட்டுமில்லை, நோட்டுகளில் இருக்கிற எல்லாருக்கும். மல்லேஸ்வரத்தாரின் மகளிடம் பேசிவிட்டேன். அட்டைப்பெட்டி நிறைய ஃபிளாப்பி இருக்கிறதாம். ஃபிளாப்பிகள் காந்தம் விட்டுப் போயிருக்கலாம். பாதிகூடத் தேறாமல் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவில் தொடங்குகிறேன். ஃபிளாப்பி டிரைவ் ஒன்று தேடி வாங்கியாயிற்று. கடிகாரத்தையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். முதலில் அவர் பக்கத்தை ஓட விடுவேன். அவர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு, முதல் ஃபிளாப்பியைப் போடுவேன். சின்ன ஃபைலை முதலில் எடுப்பேன்.